அரசாங்கம் கேட்கும் பிள்ளைகள்

2004ஆம் ஆண்டு மே மாதம் ஆஸ்திரேலிய நிதியமைச்சர் பீட்டர் காஸ்டெல்லோ பட்ஜெட்டில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். ஜூலை 1 முதல் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் 3,000 டாலர். அம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று, நாட்டுக்கு ஒன்று என்று பெற்றுக்கொள்ளுங்கள் எனப் பாதி விளையாட்டாகவும் சொல்லிவைத்தார். நாள் குறித்துக் காசு கொடுத்தால் மக்கள் சும்மா இருப்பார்களா? ஜூன் கடைசி வாரத்தில் நடந்திருக்க வேண்டிய சிசேரியன்கள் தள்ளிப்போயின. வலி வரவழைக்க மருந்து ஏற்றுவதும் ஒத்திப்போடப்பட்டது. அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளில் வேறு எந்த நாளிலும் பிறந்ததைவிட அதிகமான குழந்தைகள் அந்த ஜூலை 1ஆம் தேதி ஆஸ்திரேலியாவில் பிறந்தன. ஜோஷுவா கான்ஸ், ஆண்ட்ரூ லீ என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் இப்படி நாள் மாறியதாகக் காட்டினார்கள்.

காசு கொடுத்தால் பிறக்கிற தேதி மாறும் என்பதில் சந்தேகம் இல்லை. பிறக்கிற எண்ணிக்கை மாறுமா? கடந்த எழுபது ஆண்டுகளில் பிள்ளையைக் குறைக்கவும் கூட்டவும் அரசாங்கங்கள் செய்து பார்த்தவற்றையெல்லாம் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு சுற்றுப் பார்க்கலாம்.

அளவுகோலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக எத்தனை பிள்ளை பெறுவாள் என்பதை ஒவ்வோராண்டின் பிறப்புக் கணக்கிலிருந்து மதிப்பிட்டுச் சொல்வது மொத்தக் கருவள விகிதம். அது 2.1 என்ற அளவில் நின்றால் மக்கள்தொகை ஏறாது, இறங்காது. அதற்குக் கீழே போனால், வெளியிலிருந்து ஆள் வந்து சேராவிட்டால், ஒரு தலைமுறை கழித்துச் சுருங்கத் தொடங்கும். இந்த விகிதத்தில் ஒரு கோளாறு உண்டு. பெண்கள் பிள்ளைப்பேற்றை இரண்டு வருடம் தள்ளிப்போட்டாலே அது சரிந்துவிடும்; முன்னால் இழுத்தால் எகிறிவிடும். இரண்டிலுமே பிள்ளைகளின் மொத்தத் தொகை அப்படியே இருக்கலாம். அமைச்சர்கள் வெற்றி என்று அறிவித்ததில் பாதி இந்தக் கோளாறின் கைங்கரியம்.

குறைக்கிற வேலையில் உலகத்துக்கே மூத்தது இந்தியா. 1952இல் குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாகவே தொடங்கிய முதல் நாடு. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆர்.ஏ. கோபாலசாமி, ஏற்கெனவே மூன்று பிள்ளைகளாவது பெற்று, அவர்களில் ஒருவராவது உயிரோடு இருக்கும் தாய் மறுபடி பெறுவதைப் பொறுப்பற்ற தாய்மை என்று பெயரிட்டு, தனியாகவே எண்ணிக் காட்டினார். 1956இல் சென்னை மாநில அரசு, கருத்தடை அறுவை செய்துகொள்ளும் ஏழைகளுக்கு ரொக்கம் தர ஆரம்பித்தது. 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் மாவட்ட ஆட்சியர் எஸ். கிருஷ்ணகுமார் திருவிழா போல ஒரு முகாம் நடத்தி, ஒரே மாதத்தில் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு அறுவை செய்ய வைத்தார். வந்தவர்களுக்குப் பணமும் பொருளும் கிடைத்தன. டெல்லியில் இருந்தவர்கள் இந்த முகாமைப் பார்த்து ஒரு தப்பான பாடத்தைக் கற்றுக்கொண்டார்கள் என்று தோன்றுகிறது: கூட்டத்தைத் திரட்டினால் போதும், இலக்கை எட்டிவிடலாம்.

நெருக்கடி நிலையில் கூட்டம் திரட்டுவது வேறு மாதிரி நடந்தது. ஆசிரியருக்கு இத்தனை கேஸ், வருவாய் ஊழியருக்கு இத்தனை கேஸ் என்று பங்கு பிரித்துக் கொடுத்தார்கள். ஆள் பிடிக்காவிட்டால் சம்பளம் நிற்கும். 1976-77 நிதியாண்டில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள். அவற்றில் 60 லட்சத்துக்கும் மேல் ஆண்களுக்கு. 1977 தேர்தலில் வட இந்தியா இந்திரா காந்திக்குக் கொடுத்த பதிலில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அடுத்த ஆண்டே அறுவைகளின் எண்ணிக்கை 10 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. அதற்குப் பிறகு எந்த அரசும் ஆண்களைத் தொடத் துணியவில்லை. சுமை முழுவதும் பெண்கள் தலையில் வந்து விழுந்தது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, திருமணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்டது 0.3 சதவீதம். ஆணுக்குக் கால்மணி நேர வேலை, பெண்ணுக்கு வயிற்றைத் திறக்கும் வேலை என்பது ஊரறிந்த விஷயம். இருந்தும் கணக்கு இப்படித்தான் நிற்கிறது.

சீனாவின் கதை எல்லாருக்கும் தெரிந்த மாதிரி இருக்கும். ஆனால் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஒரு பிள்ளைக் கொள்கை 1980இல் வருவதற்கு முன்பே அங்கே பெரிய சரிவு நடந்து முடிந்துவிட்டது. 1970இல் 6க்குச் சற்றுக் கீழே இருந்த விகிதம் 1978இல் 2.7 ஆகியிருந்தது. காலம் தாழ்த்தி மணம் செய், இடைவெளி விட்டுப் பெறு, குறைவாகப் பெறு என்ற எழுபதுகளின் பிரச்சாரம், அதனோடு சேர்ந்த நிர்ப்பந்தம், கிராமம்வரை போன மருத்துவ வசதி ஆகியவற்றால் வந்தது அது. அதற்கு மேலும் இறுக்க வேண்டும் என்று முடிவெடுத்ததில் சோங் ஜியான் என்ற ஏவுகணைக் கட்டுப்பாட்டு விஞ்ஞானிக்குப் பங்கு உண்டு. மக்கள்தொகையையும் ஒரு சமன்பாடாக எழுதிக் காட்டியவர் அவர். 1983இல் மட்டும் சீனாவில் சுமார் 2 கோடிப் பேருக்குக் கருத்தடை அறுவை நடந்தது. அதே 1983இல் ஐ.நா. தன் முதல் மக்கள்தொகை விருதை, அந்தத் திட்டத்துக்குத் தலைமை தாங்கிய சியான் சின்சோங்குக்கும் நெருக்கடி நிலையை அறிவித்த இந்திரா காந்திக்கும் பகிர்ந்து கொடுத்தது. இன்றைக்குப் படித்தால் யாரோ கட்டிவிட்ட கதை போல இருக்கிறது.

இவ்வளவு வன்முறையும் தேவைதானா என்ற கேள்விக்கு அமர்த்தியா சென் ஒரு எளிய ஒப்பீட்டைக் கொடுத்தார். 1979இல் சீனாவின் விகிதம் 2.8, கேரளத்தின் விகிதம் 3.0, தமிழ்நாட்டின் விகிதம் 3.5. 1991இல் சீனா 2.0க்கு வந்தது, கேரளம் 1.8க்கு வந்தது, தமிழ்நாடு 2.2க்கு வந்தது. போலீஸ் இல்லாமல், அபராதம் இல்லாமல், கேரளம் சீனாவை முந்தியது. தமிழ்நாடோ சீனாவைவிட வேகமாக இறங்கியது. பெண்கள் பள்ளிக்குப் போனது, திருமண வயது உயர்ந்தது, பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தது, கூப்பிடு தூரத்தில் செவிலியர் இருந்தது என்று காரணங்களை அடுக்கலாம். தமிழ்நாட்டில் இன்னொரு சரடும் உண்டு. 1930களிலேயே பெரியார் கர்ப்பத்தடை பற்றி எழுதினார். மற்றவர்கள் நாட்டின் வறுமையையும் குடும்பத்தின் பொருளாதாரத்தையும் காட்டிக் கேட்டபோது, அவர் பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்று வாதாடினார். எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படாதவர் சொன்னது எண்ணிக்கையைக் குறைக்க உதவியது என்பதுதான் வேடிக்கை.

ஈரானையும் இங்கே சேர்க்க வேண்டும். புரட்சிக்குப் பிறகு பிள்ளை பெறச் சொன்ன அரசு, இராக்குடனான போர் முடிந்ததும் 1989 வாக்கில் மனம் மாறியது. கிராமத்துச் சுகாதார இல்லங்களில் கருத்தடைச் சாதனங்கள் இலவசம். திருமணப் பதிவுக்கு முன் மணமக்கள் வகுப்பில் உட்கார வேண்டும். எண்பதுகளின் நடுவில் 6க்கு மேல் இருந்த விகிதம் 2000 வாக்கில் 2 ஆகிவிட்டது. வரலாற்றிலேயே இவ்வளவு வேகமாக இறங்கிய நாடுகள் மிகக் குறைவு. 2012இல் தலைவர் காமெனெயி, திட்டத்தை அவ்வளவு காலம் தொடர்ந்தது தவறு என்றார். 2021இல் சட்டம் போட்டு இலவசக் கருத்தடை வழங்குவதை நிறுத்தினார்கள். பிள்ளைகள் திரும்பி வரவில்லை.

ஆக, குறைக்கும் கொள்கைகள் ஜெயித்த இடமெல்லாம் மக்கள் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த திசைதான். அரசு வழியைச் சுருக்கிக் கொடுத்தது. எதிர்த்திசையில் இழுக்கும்போதுதான் அரசாங்கத்தின் பலம் எவ்வளவு என்று தெரியவரும்.

இழுத்ததில் மிகக் கொடூரமானது ருமேனியா. 1966 அக்டோபரில் அதன் தலைவர் சௌசெஸ்கு 770ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தார். அங்கே கருக்கலைப்புதான் குடும்பக் கட்டுப்பாடாக இருந்தது. அதை ஒரே இரவில் குற்றமாக்கினார். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர், நான்கு பிள்ளை பெற்றவர் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. கருத்தடைச் சாதனங்கள் கடையிலிருந்து மறைந்தன. பிள்ளையில்லாதவர்களுக்கு வரி. ஒரே ஆண்டில் பிறப்புகள் 2.7 லட்சத்திலிருந்து 5.3 லட்சமாகின, விகிதம் 1.9இலிருந்து 3.7க்குத் தாவியது. காகிதத்தில் பார்த்தால் உலகில் வேறு எந்த அரசும் சாதிக்காத சாதனை.

அடுத்த வருடமே இறங்க ஆரம்பித்தது. வசதி உள்ளவர்கள் மருத்துவருக்கு லஞ்சம் கொடுத்தார்கள். இல்லாதவர்கள் கள்ளத்தனமாகக் கலைத்துச் செத்தார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் விகிதம் ஏறத்தாழ பழைய இடத்துக்கே வந்துவிட்டது. கோபம் கொண்ட அரசு, தொழிற்சாலைகளில் பெண்களை வரிசையில் நிறுத்திக் கர்ப்பப் பரிசோதனை செய்தது. 1989இல் ஒரு லட்சம் பிரசவத்துக்குச் சுமார் 170 தாய்மார்கள் இறந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கருக்கலைப்பில் போனவர்கள். ஆணை நடப்பில் இருந்த 23 ஆண்டுகளில் இப்படிச் செத்த பெண்கள் பத்தாயிரம் பேராவது இருக்கும் என்பது மதிப்பீடு. யாரும் கேட்காமல் பிறந்த பிள்ளைகளால் அநாதை இல்லங்கள் நிரம்பி வழிந்த படங்களைத் தொண்ணூறுகளில் உலகமே பார்த்தது. சௌசெஸ்குவைச் சுட்டுக் கொன்றதற்கு மறுநாள், புதிய ஆட்சி முதல் வேலைகளில் ஒன்றாக அந்த ஆணையை ரத்து செய்தது. 1967இல் பிறந்தவர்களுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. புரட்சியில் தெருவுக்கு வந்த கூட்டத்தில் அவர்களும் இருந்தார்கள்.

மரியாதையாகக் கேட்டவர்கள் ஸ்வீடன்காரர்கள். 1934இல் ஆல்வா மிர்டால், குன்னார் மிர்டால் தம்பதி மக்கள்தொகைச் சிக்கலைப் பற்றி ஒரு நூல் எழுதினார்கள். பிள்ளை குறைவதற்குப் பெண்ணைத் திட்டுவதில் பயனில்லை, வீடும் வேலையும் குழந்தைக் காப்பகமும் கொடுங்கள் என்பது அவர்கள் வாதம். அந்தப் பாதையில் நாற்பது ஆண்டு நடந்து, 1974இல் தாய், தந்தை இருவருக்கும் பொதுவான பிள்ளைப்பேற்று விடுப்பை ஸ்வீடன் உலகில் முதலில் கொண்டுவந்தது. எண்பதுகளில் ஒரு சின்னச் சலுகையையும் சேர்த்தார்கள். முதல் பிள்ளை பிறந்து குறிப்பிட்ட மாதங்களுக்குள், முதலில் 24, பின்னர் 30, அடுத்ததும் பிறந்துவிட்டால், விடுப்புச் சம்பளம் பழைய முழுச் சம்பளக் கணக்கிலேயே தொடரும். இடையில் பகுதிநேர வேலைக்குப் போயிருந்தாலும் குறையாது. பெண்கள் கணக்குப் போட்டார்கள், இடைவெளியைச் சுருக்கினார்கள். விகிதம் 1983இல் 1.6ஆக இருந்தது, 1990இல் 2.1ஐத் தொட்டது. ஐரோப்பா முழுவதும் ஸ்வீடனைப் பார் என்றது. 1999இல் அது 1.5. பொருளாதார நெருக்கடி ஒரு காரணம். அடுத்த பத்தாண்டில் பெற வேண்டிய பிள்ளைகளை முன்கூட்டியே பெற்றுவிட்டார்கள் என்பது இன்னொரு காரணம். ஆஸ்திரேலியாவில் ஒரு வாரத்துக்குள் நடந்தது இங்கே பத்தாண்டில் நடந்தது.

பின்னால் வந்தவர்கள் இந்தப் பாடத்தைப் படித்ததாகத் தெரியவில்லை. போலந்து 2016இல் இரண்டாவது பிள்ளையிலிருந்து, ஏழை வீடுகளில் முதல் பிள்ளைக்கும், மாதம் 500 ஸ்லோட்டி கொடுக்கத் தொடங்கியது. விகிதம் 1.29இலிருந்து 1.45க்கு ஏறியது, 2023இல் 1.16. ஆனாலும் ஏழைக் குழந்தைகளின் வீடுகளில் அடுப்பு எரிந்தது. அதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஹங்கேரியில் பிரதமர் ஓர்பான், நான்கு பிள்ளை பெற்ற தாய்க்கு ஆயுள் முழுக்க வருமான வரி இல்லை என்றார். மூன்றாவது பிறந்தால் ஒரு கோடி ஃபோரிண்ட் கடன் தள்ளுபடி என்றும் அறிவித்தார். 2010இல் 1.25ஆக இருந்தது 2021இல் 1.6ஐ ஒட்டி வந்து, 2024இல் 1.4க்குக் கீழே போய்விட்டது. பிரான்ஸ் இவர்களைவிடப் பொறுமைசாலி. 1945இலிருந்து பிள்ளைகளை எண்ணி வருமான வரியைக் குறைக்கிறது. மூன்று வயதிலேயே பள்ளி. ஆட்சி மாறினாலும் சலுகை நிற்காது என்ற நம்பிக்கை அங்கே இருந்தது. அதனால் 2010வரை 2.0 என்ற அளவில் தாக்குப்பிடித்தது. 2024இல் அங்கேயும் 1.62. காப்பகம், விடுப்பு, ஆண்பெண் சமத்துவம் எல்லாம் இருக்கும் பின்லாந்தில் 2010இல் 1.87ஆக இருந்தது 1.3க்கும் கீழே இறங்கிவிட்டதற்கு யாரிடமும் ஒழுங்கான விளக்கம் இல்லை.

கிழக்கே வந்தால் சிங்கப்பூர். இரண்டு பக்கமும் முழு வீச்சில் ஓடிப் பார்த்த நாடு என்பதால் இங்கே சற்று நின்று பார்க்கலாம். 1972இல் இரண்டோடு நிறுத்து என்ற பிரச்சாரம் சுவரொட்டிகளாக, தமிழ் உட்பட நான்கு ஆட்சி மொழிகளிலும் போனது. சிங்கப்பூர் வழக்கப்படி பிரச்சாரத்தோடு விலைப்பட்டியலும் வந்தது. அடுத்தடுத்த பிள்ளைக்கு ஆஸ்பத்திரிக் கட்டணம் ஏறும். மூன்றாவதுக்குச் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு கிடையாது. பள்ளியில் இடம் பிடிக்கும் வரிசையில் பின்னால் தள்ளப்படுவார்கள். சில ஆண்டுகளிலேயே விகிதம் 2.1க்குக் கீழே வந்துவிட்டது.

1983 ஆகஸ்டில் பிரதமர் லீ குவான் யூ தேசிய தின உரையில் வேறொரு கவலையை எழுப்பினார். பட்டதாரிப் பெண்கள் மணம் முடிக்காமலே இருக்கிறார்கள், படிக்காதவர்கள் அதிகம் பெறுகிறார்கள் என்றார். அடுத்த வருடம் பட்டதாரித் தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பள்ளியில் முன்னுரிமை. படிப்புக் குறைந்த தாய், முதல் அல்லது இரண்டாவது பிள்ளையோடு அறுவை செய்துகொண்டால் 10,000 வெள்ளி. பட்டதாரிகளுக்கு ஜோடி பார்த்துக் கொடுக்க அரசே ஓர் அலுவலகமும் திறந்தது. சலுகை கிடைக்க வேண்டிய பட்டதாரிப் பெண்களே இதை அவமானமாக எண்ணினார்கள். 1984 தேர்தலில் ஆளும் கட்சியின் வாக்கு 77.7 சதவீதத்திலிருந்து 64.8க்கு விழுந்தது, 1985இல் பள்ளி முன்னுரிமைத் திட்டத்தைச் சுருட்டி வைத்தார்கள். 1987இல் துணைப் பிரதமர் கோ சோக் தோங், வசதியிருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெறுங்கள் என்று முழுதாகத் திருப்பினார். 2001இலிருந்து ரொக்கமாகவே போனஸ். முதல் பிள்ளைக்கே இன்று 11,000 வெள்ளி. 2023இல் விகிதம் 0.97. கட்டணத்தை ஏற்றியபோது உடனே பணிந்த அதே மக்கள், பணம் கொடுத்தபோது அசையவில்லை.

தென்கொரியா இன்னும் கீழே போய், 2023இல் 0.72ஐத் தொட்டது, 2024இல் 0.75க்கு ஏறியதைச் செய்தியாகக் கொண்டாடினார்கள். அங்கே திருமணத்துக்கு வெளியே பிள்ளை பெறுவது மிக அபூர்வம். ஆகவே கல்யாணம் குறைந்தால் பிள்ளையும் குறையும். கல்யாணத்துக்கு வீடு வேண்டும். சியோலில் வீட்டு விலையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும். பிறந்த பிள்ளையை டியூஷன் சென்டருக்கு அனுப்பியாக வேண்டும். வேலைக்குப் போகும் பெண் வீட்டுக்கு வந்து மறுபடி முழு வேலையும் செய்ய வேண்டும், மாமியார் வீட்டுக் கடமைகள் தனி. இவ்வளவையும் ஒரு போனஸ் தொகை ஈடுகட்டும் என்று நினைப்பது அமைச்சர்களுக்கு மட்டுமே சாத்தியம்.

ஜப்பானில் ஒரு விநோதம். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும் நெருப்புக் குதிரை ஆண்டில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகாதவள் என்று ஒரு நம்பிக்கை. 1966 அப்படி ஓர் ஆண்டு. பிறப்புகள் கால்பங்கு குறைந்து, விகிதம் 1.58க்கு விழுந்தது, மறு ஆண்டே மீண்டது. ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பி, சித்திரைப் பிள்ளையைத் தவிர்க்கும் நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. எந்த அரசும் ஒரே வருடத்தில் இவ்வளவு பேரை இவ்வளவு அமைதியாக இசைய வைத்ததில்லை. 1989இல் எந்த நம்பிக்கையும் குறுக்கிடாமலே விகிதம் 1.57 ஆனபோதுதான் ஜப்பான் திடுக்கிட்டது. அதற்குப் பிறகு திட்டத்துக்கு மேல் திட்டம். 2024இல் பிறந்தவர்கள் 7 லட்சத்துக்கும் குறைவு.

இத்தனை நாடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், தாமதம்தான் பொதுவாகத் தெரிகிறது. கொரியாவின் விகிதம் 2.1க்குக் கீழே போனது 1983 வாக்கில். குறைக்கும் கொள்கையைக் கைவிட்டது 1996இல். கூட்டும் திட்டம் வந்தது 2006இல். சீனா தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே கீழே போய்விட்டது. ஒரு பிள்ளைக் கொள்கை 2015 கடைசிவரை நீடித்தது. காரணம் அறியாமை மட்டும் இல்லை. குறைப்பதற்கென்று ஒரு துறை, லட்சக்கணக்கில் ஊழியர்கள், இலக்குகள், அபராத வருமானம் எல்லாம் ஏற்பட்டுவிட்டன. இயக்குநர் ஜாங் யிமோவுக்கு 2014இல் விதித்த அபராதம் மட்டும் 74.8 லட்சம் யுவான். அப்படி ஓர் இயந்திரத்தை நிறுத்தச் சொல்ல அந்தத் துறையிலேயே யார் முன்வருவார்கள்? கொள்கை மாறிய 2016இல் சீனாவில் 1.79 கோடிக் குழந்தைகள் பிறந்தன. 2023இல் 90 லட்சம்.

இந்த வரிசையில் நாமும் வந்து நிற்கிறோம். 2023ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கில் இந்தியாவின் விகிதம் 1.9, தமிழ்நாட்டின் விகிதம் 1.3. பின்லாந்தின் அளவு; வருமானம் மட்டும் பின்லாந்தின் அளவில் இல்லை. இங்கே பதற்றம் பொருளாதாரத்திலிருந்து வரவில்லை, நாடாளுமன்றத்திலிருந்து வருகிறது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் இடம் இழக்கக்கூடாது என்று 1976இல் 42ஆவது திருத்தம் தொகுதிப் பங்கீட்டை 1971 கணக்கில் உறைய வைத்தது. பின்னர் நீட்டிக்கப்பட்ட அந்த உறைவு, 2026க்குப் பிறகு வரும் முதல் கணக்கெடுப்போடு முடிய வேண்டும். கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. இந்தப் பின்னணியில்தான் 2024 அக்டோபரில் ஒரு திருமண விழாவில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், பதினாறு பெற்றால் என்ன என்று கேட்கும் நிலை வந்திருக்கிறது என்றார். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில், மணமக்கள் உடனே பெற்றுக்கொள்ள வேண்டும் என்றார். ஆந்திரத்தில் சந்திரபாபு நாயுடுவின் அரசு, இரண்டுக்கு மேல் பெற்றவர்கள் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக்கூடாது என்ற தடையை 2024இல் நீக்கியது. அங்கே ஒரு எம்.பி. மூன்றாவது பிள்ளை பெண்ணாக இருந்தால் 50,000 ரூபாய், ஆணாக இருந்தால் பசுமாடு என்று அறிவித்தார். தொகுதி நியாயத்துக்காகத் தமிழ்நாடு வாதாட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்த வழக்கைப் பிரசவ அறைக்குக் கொண்டுபோவதில் லாபமும் இல்லை. மேடையில் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போன தம்பதிகள் எல்லாருமே முதல்வர் சொன்னபடி செய்தாலும், 2027 மார்ச்சுக்குள் பீகாருக்கும் நமக்கும் உள்ள இடைவெளி அசையாது.

மேடைப் பேச்சு ஒரு பக்கம் இருக்க, அலுவலகக் கோப்பில் என்ன நடந்தது என்றும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை. முதல் திருமணத்தில் இரண்டு பிள்ளைகள், அந்தத் திருமணம் முறிந்தது, பிள்ளைகள் தந்தையிடம். மறுமணத்துக்குப் பிறகு கருவுற்று மகப்பேறு விடுப்புக்கு விண்ணப்பித்தார். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் உயிரோடு இருப்பதால் அடிப்படை விதிகளின்படி விடுப்பு இல்லை என்று மறுத்தார்கள். உயர்நீதிமன்றத்தில் தனி நீதிபதியிடம் ஜெயித்து, டிவிஷன் பெஞ்சில் தோற்று, உச்ச நீதிமன்றம்வரை போனார். சிறு குடும்ப நெறி அரசின் கொள்கை என்று அரசுத் தரப்பு வாதாடியது. மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையின் பகுதி என்று சொல்லி அவருக்கு விடுப்பு கொடுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். தீர்ப்பு நாள் 2025 மே 23. நாகப்பட்டினம் பேச்சுக்கு மூன்று மாதம்கூட ஆகவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியான 18,000 ரூபாயும் முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டுமே அப்போது கிடைத்தது.